ஏதோ சொல்லாத பல்செட்காரம்மா

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ஏதோ இருக்கேன்” என்பது நம் வழக்கம். கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. நன்றாக இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டால் கேட்டவரின் முகம் லேசாகக் கோணிக்கொள்ளும். அதனால் மூன்று மாடி கட்டியவர் “ஏதோ தலைக்கு மேல ஒரு கூரை” என்பார். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தால் “ஏதோ படிக்கிறா” என்பார். இரண்டே எழுத்து. இதை வாயில் போட்டுக்கொண்டுதான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். குடையை மறப்போம், கண்ணாடியை மறப்போம், இதை மறக்க மாட்டோம்.

இதைப் போட்டுக்கொள்ளாமல் வெளியே கிளம்பிய ஒரு பெண்மணிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. தொழில், பல்செட் செய்வது. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தொன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார். முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், மீன்தொட்டி. பின்பக்கத்தில் பிளாஸ்டர் மாவு, மெழுகு வாசனை, ஸ்பிரிட் விளக்கு, மெருகு போடும் மோட்டாரின் உறுமல். டாக்டர் முன்பக்கத்தில் அளவு எடுப்பார். அந்த அளவு பின்பக்கம் வந்து, பிளாஸ்டரில் ஈறாக மாறி, மெழுகில் பல் அடுக்கப்பட்டு, வெந்து, மெருகேறி, ஒரு சின்ன நீல டப்பாவில் மறுபடி முன்பக்கம் போகும். டப்பா கதவைத் தாண்டியதும் அது டாக்டர் செய்த செட் ஆகிவிடும்.

அந்த அம்மாவுக்கு மருத்துவமனையில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘கனம்’. தலைக்கனம் என்பதன் சுருக்கம். முதுகுக்குப் பின்னால் சொல்லத்தான் வைத்தார்கள். ஒருநாள் காதில் விழுந்துவிட்டது. “கனம்னா நல்லதுதானே, நீதிபதிக்கெல்லாம் போடுவாங்க” என்று சொல்லிவிட்டு அதையே வைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தால் “கனம் பேசுறேன்” என்பார். வசைக்கு இப்படியொரு கதி நேர்ந்தால் வைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அவரும் ஒரு காலத்தில் நாளைக்கு இருபது முறை ஏதோ சொன்னவர்தான். அதை விட்டது ஒரு துணிக்கடைக்காரரின் மனைவியால். நான்கு வருடமாகப் பொக்கை வாயை முந்தானையால் மூடிக்கொண்டு திரிந்த பெண். அன்று டாக்டர் ஊரில் இல்லை, செட்டைக் கனமே மாட்டிவிட்டார். அந்தப் பெண் கைக்கண்ணாடியில் பார்த்து, “அய்யோ, எவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க” என்றார். கனம் பழக்கதோஷத்தில், “ஏதோ செஞ்சேங்க” என்றார்.

உடனே அந்தப் பெண் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏதோ செஞ்சீங்களா? நான் இத வச்சு சாப்பிடணும்ல?”

கனத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினோரு நாள் வேலை. கீழ் ஈறு ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் மூன்று முறை கலைத்து அடுக்கிய பல். அதைத்தான் ‘ஏதோ’ என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறோம்.

“நல்லா செஞ்சிருக்கேன், போட்டுக்கங்க” என்றார். அந்தப் பெண் போட்டுக்கொண்டார். கனம் அந்தச் சொல்லைக் கழற்றி வைத்தார். அதன்பின் எடுக்கவில்லை.

இதற்குக் கிடைத்த பட்டம்தான் மேலே சொன்னது. ஒரு பெண்பிள்ளை தன் வேலையை நல்ல வேலை என்று சொன்னால் அதற்கு நம்மிடம் ஒரு டஜன் சொற்கள் உண்டு: திமிர், கொழுப்பு, மண்டைக்கனம், வாய்த்துடுக்கு. அடுத்தவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்பவருக்கும் நம்மிடம் சொல் உண்டு. கைராசிக்காரர்.

டாக்டருக்குக் கைராசி பிரசித்தம். “அவர் கை பட்டா போதும்” என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். காத்திருப்புக் கூடத்துச் சுவரில் அறுபத்திரண்டு புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியும் டாக்டரும். நோயாளிகள் மாறியிருக்கிறார்கள். டாக்டரின் சிரிப்பு மட்டும் அறுபத்திரண்டிலும் ஒன்றே, வெட்டி ஒட்டியது போல. யாராவது புகழ்ந்தால் தலையை இருபது டிகிரி சாய்த்து, வலது கையை நெஞ்சில் வைத்து, “ஏதோ சார், என் கையில என்ன இருக்கு?” என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர் வாசல் தாண்டும்போது, “எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம்” என்று சொல்லியபடி போவார். டாக்டர் கதவருகே நின்று அதையும் கேட்டுக்கொள்வார்.

கைராசி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்செட் செய்வதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது: வரிசையாக அடுக்குவது. முத்து கோத்தது போல முப்பத்திரண்டும் நேராக நின்றால் தூரத்திலிருந்தே பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். நிஜப் பல் அப்படி நிற்காது. ஒன்று தோளைச் சாய்க்கும், ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகக் கால் போட்டுக்கொள்ளும். கனம் ஒவ்வொருவரிடமும் அவர்கள் பல்லோடு சிரித்த பழைய புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்குவார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பழைய கோணல் எங்கே இருந்ததோ அதே இடத்தில் புதுக் கோணலை வைப்பார். போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் வீட்டில் உள்ளவர்கள் பல்லைப் பார்க்க மாட்டார்கள், “என்ன, மூஞ்சி தெளிஞ்சிருக்கு?” என்பார்கள். இதுதான் கைராசி.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு செட்டிலும், உள்பக்கம், நாக்குக்கும் தெரியாத மூலையில், மெல்லிய தாளில் போட்டுக்கொள்பவரின் பெயரை எழுதிப் புதைத்துவிடுவார். முதியோர் இல்லங்களில் செட்டுகள் மாறிப் போகும். ஒருவர் பல்லை இன்னொருவர் போட்டுக்கொண்டு ஈறு புண்ணாகி உட்கார்ந்திருப்பார். பெயர் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

பிரச்சினை ஆரம்பித்தது ஒரு விசிலில்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர். முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல சந்து. முப்பத்தோரு வருடம் அந்தப் பல்சந்து வழியாகவே விசிலடித்து மைதானத்தை ஆண்டவர். கழுத்தில் தொங்கிய விசில் சும்மா அலங்காரத்துக்கு. பல் போனதும் விசிலும் போனது. செட் செய்யும்போது டாக்டர் பின்பக்கம் வந்து, “அந்தச் சந்தை அடைச்சிடும்மா, நம்ம செட்டுல ஓட்டை இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனார். கனம் வாத்தியாரின் பழைய புகைப்படத்தைப் பார்த்தார். சந்தை வைத்தார்.

செட் போட்ட நான்காம் நாள் வாத்தியார் கூடத்துக்குள் நுழைந்து நின்று ஒரு விசில் அடித்தார். மீன்தொட்டியில் மீன்கள் திரும்பின. வரிசையில் இருந்த ஆறு பேரும் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“டாக்டர், மூணு வருஷத்துக்கப்புறம் இப்பத்தான் நான் நானா இருக்கேன். இந்தச் சந்து இருக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? உங்க கைராசியே ராசி.”

டாக்டர் தலையைச் சாய்த்தார். கை நெஞ்சுக்குப் போனது. “ஏதோ சார், பேஷண்டோட மனசைப் படிக்கணும்ல. எனக்கு அது கொஞ்சம் வரும்.”

அந்த நேரம் பார்த்துக் கனம் நீல டப்பாக்களோடு அங்கே நின்றிருந்தார்.

“அந்தச் சந்து நான் வச்சது சார். டாக்டர் அடைக்கச் சொன்னார்.”

குரலை உயர்த்தவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. டப்பாக்களை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் அளவில் அது ஒரு தகவல்.

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் ரிசப்ஷனில் இருக்கும் பெண், அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் அப்படியே நின்றதாகவும், யாரும் பேசாதபோதும் நின்றதாகவும், பார்க்கத் தனக்குப் பயமாக இருந்ததாகவும் பிறகு சொன்னாள்.

மறுநாளிலிருந்து டாக்டர் கனத்தின் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார். திட்டியிருந்தால் பரவாயில்லை. கண் அவர் மேல் படாமல், அவர் நிற்கும் இடத்தில் சுவர் இருப்பதுபோல் பார்த்தார். அனுப்பிய செட்டெல்லாம் திரும்பி வந்தன. சீட்டில் ‘சரியில்லை’ என்று ஒரு சொல். எது சரியில்லை என்று இராது. கனம் அதே செட்டைக் கழுவித் துடைத்து மறுநாள் அனுப்புவார், அது சரியாகியிருக்கும். இப்படி ஐந்து நாள்.

ஆறாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

“உன்னைக் கூடப் பிறந்த தங்கச்சியா நினைச்சேன்மா. ஆறு பேர் முன்னாடி என்னைக் கொன்னுட்ட.”

“நடந்ததைத்தான் சொன்னேன் டாக்டர்.”

“நடந்தது எனக்குத் தெரியாதா? நான் ஒரு நாளாவது என்னைப் பத்திப் பெருமையா பேசியிருக்கேனா? சொல்லு. ஊர்ல கேளு. என்னை மாதிரி அடக்கமான ஆளைக் காட்டு பாப்போம்.”

காட்ட முடியாதுதான். அடக்கத்திலும் அவருக்கு முதலிடம் வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, சனிக்கிழமை ஊழியர் கூட்டத்தில், விளையாட்டு வாத்தியாரையும் வைத்துக்கொண்டு, ‘அன்னைக்கு நான் ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டேன்’ என்று கனம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கள்கிழமை வர வேண்டாம். இரண்டு, இனிமேல் செட்டுக்குள் புதைக்கிற தாளில் நோயாளியின் பெயர் வேண்டாம்; டாக்டரின் பெயர் போதும்.

“எல்லா செட்டுலயுமா?”

“எல்லா செட்டுலயும். சின்ன எழுத்தா இருக்கட்டும். எனக்கு விளம்பரம் பிடிக்காது.”

ஊரில் வாய்க்கு வாய் தன் பேர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. அதை இவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வீட்டிலும் ஆதரவு பலமாக இல்லை. நாத்தனார் வந்திருந்தாள். ஆறு மாதமாகத் தொலைபேசியில் மனோதத்துவ வீடியோ பார்த்துப் பார்த்து, தெருவில் பாதிப் பேருக்கு நோய் கண்டுபிடித்துவைத்திருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் கண் பளிச்சிட்டது.

“அண்ணி, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு நார்சிசம். தன்னையே காதலிக்கிற வியாதி.”

“அது எங்க வலிக்கும்?”

“உங்களுக்கு வலிக்காது. மத்தவங்களுக்குத்தான் வலிக்கும். இருங்க, பத்து கேள்வி இருக்கு. தன்னோட வேலையைத் தானே நல்லா இருக்குன்னு சொல்வாரா?”

“சொல்வேன்.”

“பேர் தனக்குத்தான் வரணும்னு நினைப்பாரா?”

“நான் செஞ்சதுக்கு எனக்கு வரணும்.”

“மன்னிப்புக் கேக்க மறுப்பாரா?”

“இப்ப மறுக்கிறேன்.”

“பத்துக்கு ஏழு. முத்திடுச்சு அண்ணி.”

“அதே கேள்விய எங்க டாக்டருக்குப் போட்டுப் பாரு.”

நாத்தனார் போட்டுப் பார்த்தாள். தன்னைப் புகழ்ந்துகொள்வாரா? ஒருநாளும் இல்லை. சத்தம் போடுவாரா? கண்ணீர்தான் விடுவார். கேட்டால் ஏதோ என்பார். பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. “அவர் நார்மல் அண்ணி. சொல்லப்போனா மகான்” என்று தீர்ப்பு வந்தது.

நாத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயிலிருந்து வருவதை வைத்து ஆளை அளக்கிற கருவி அது. தன்னை நேசிக்கிறவனுக்குத் தன்னிடம் நேசிக்க ஏதாவது இருக்கும். இந்த நோய்க்காரரிடம் அதுதான் கிடையாது. உள்ளே இருப்பவனை எப்போதோ வெட்கப்பட்டுப் பூட்டிவிட்டு, வாசலில் வேறொருவனை நிறுத்தி வைத்திருப்பார். வாசலில் நிற்பவனுக்குச் சொந்தமாக உயிர் கிடையாது. போகிற வருகிறவர்கள் புகழ்ந்து ஊதிக்கொண்டே இருந்தால்தான் நிற்பான். ஒருவர் ஒரு நிமிடம் ஊதுவதை நிறுத்தினாலும் கொலை நடந்தது போல இருக்கும். டாக்டர் ‘கொன்னுட்ட’ என்று சொன்னதில் பொய் இல்லை.

கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நல்ல மனிதர், சண்டை பிடிக்காது.

“ஏதோன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சிடப் போவுது? நான் டிக்கெட் இல்லாதவன்கிட்டயே ‘ஏதோ என் கடமை’ன்னு நாளைக்கு நூறு தடவ சொல்றேன்.”

“நீங்க சொல்றீங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசாம உக்காந்திருக்கீங்களே, அது ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?”

கணவர் யோசித்தார். “அது அசதி” என்றார்.

“சரி, அசதி.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “வேலை போயிட்டா இந்த வயசுல திரும்பவும் எங்க போய் நிப்ப?” என்றார். கனம் பத்தொன்பது வருடம் ஒரே முக்காலியில் உட்கார்ந்தவர். அந்த மேசையின் எந்த மூலையில் எந்தக் கத்தி என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கனம் தானாகவே டாக்டரின் அறைக்குப் போனார். இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த அறுபத்திரண்டு சிரிப்பும் கனம் செய்ததுதான். டாக்டரின் மேல்வரிசை முன்பல் ஆறும் செட். எட்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைப் பூட்டிக்கொண்டு, தன் வாய்க்குத் தானே அளவு எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல் கனம் பழைய புகைப்படம் கேட்டார். டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார், கொடுக்கவில்லை. அதில் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். “எங்கம்மா போட்டோக்காரன் வந்தாலே வாயை மூடுடான்னு சொல்லும். பல்லு அப்படி. மூடினாத்தான் என்னைத் தூக்கி வச்சுக்கும்” என்றார். பிறகு புகைப்படத்தை மடித்து வைத்துக்கொண்டு, “பழசு எதுக்கும்மா? புதுசா ஒருத்தனைப் பண்ணு” என்றார். இருப்பதிலேயே வெளுப்பான நிறத்தை எடுத்தார். முத்துக் கோத்தது போல் நேராக அடுக்கச் சொன்னார். உள்ளே தாள் வைக்கப் போனபோது, “பேர் வேணாம்” என்றார். அந்த அறையிலிருந்து பெயரில்லாமல் வெளியே போன செட் அது ஒன்றுதான்.

இந்த எட்டு வருடத்தில் கனம் அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

“டாக்டர், ரெண்டு உத்தரவு போட்டீங்க. ரெண்டாவதுக்குப் பதில் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மத்தவங்க வாயில உங்க பேரை வைக்க மாட்டேன். உங்க பேரை எங்கயாவது வைக்கணும்னா, அது வைக்க வேண்டிய ஒரு செட்டு பாக்கி இருக்கு. கழட்டிக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள வச்சுத் தர்றேன்.”

டாக்டரின் கை வாய்க்குப் போனது. அந்தக் கணத்தில் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கனம் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பார்க்க இன்னும் நன்றாக இருந்தார், பாவம்.

“மிரட்டுறியா?”

“இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்க என்னை வெளிய போன்னு சொன்னாலும் சொல்ல மாட்டேன். வாய்க்குள்ள இருக்கறது வாய்க்காரரோடது. அது தொழில் தர்மம். அதே தர்மம்தான் வாத்தியார் வாய்க்கும்.”

டாக்டர் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று கனம் நின்றார். சிறு பையன் குரலில் என்னவோ ஆரம்பித்தது போலவும் இருந்தது. அதற்குள் ரிசப்ஷன் பெண் கதவைத் தட்டி, “டாக்டர், ஒருத்தர் உங்களைப் பாத்து நன்றி சொல்லணுமாம்” என்றாள்.

தலை இருபது டிகிரி சாய்ந்தது. சிரிப்பு வந்து உட்கார்ந்தது. “தோ வர்றேன்” என்று எழுந்தவர், போகிற போக்கில், “நாளைக்கு ரெண்டே எழுத்தும்மா. சொல்லிட்டு உன் வேலையைப் பாரு” என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டு ஜூனியர் டாக்டர்கள், ரிசப்ஷன் பெண், துப்புரவு அம்மா, கனம், எதற்கு வரச் சொன்னார்கள் என்று தெரியாமல் சலவைச் சட்டையில் வந்திருந்த விளையாட்டு வாத்தியார். முதலில் டாக்டர் தன்னடக்கத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். அதில் ‘நான்’ என்ற சொல் நாற்பத்தொரு முறை வந்தது. எண்ணியவர் துப்புரவு அம்மா. விரல் தீர்ந்துபோய் விளக்குமாற்றுக் குச்சிகளை ஒதுக்கி எண்ணினார்.

“இப்ப நம்ம கனம் ஒரு வார்த்தை சொல்வாங்க” என்று முடித்தார் டாக்டர்.

கனம் எழுந்தார். கையில் பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. புடவையில் துடைத்தார், போகவில்லை.

“அன்னைக்கு வாத்தியார் சார்கிட்ட நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு” என்றார்.

டாக்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். மன்னிப்பவரின் தலையாட்டல்.

“சந்து நான் வச்சதுன்னு சொன்னேன். அது குறைச்சுச் சொன்னது. முழு செட்டும் நான் செஞ்சது. அளவு மட்டும் டாக்டர் எடுத்தார். நல்லா எடுத்தார். மீதிய நான் செஞ்சேன். நல்லா செஞ்சேன். அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாத்தியார் மட்டும் டாக்டர் பக்கம் திரும்பி, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில், “ஏன் டாக்டர், சந்தை அடைக்கச் சொன்னீங்களா?” என்றார்.

“சார், நான் எதுலயும் முழுமைய எதிர்பாக்கிறவன்.”

“எனக்கு விசில் வந்தாப் போதும் டாக்டர்.”

துப்புரவு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. ரிசப்ஷன் பெண்ணுக்கும் தொற்றியது. வாத்தியார் எழுந்து கனத்தின் முன்னால் வந்து நின்று, “அம்மா, நன்றியை விலாசம் மாத்திக் குடுத்துட்டேன். இந்தாங்க” என்று கையைக் கூப்பினார். கனம், “நல்லா இருக்கா சார், கீழ் ஈறு உறுத்துதா?” என்று கேட்டார். “இடது பக்கம் லேசா” என்றார் வாத்தியார். “உள்ள வாங்க, அரத்துல ரெண்டு இழுப்பு, சரியாயிடும்.”

இரண்டு இழுப்பில் சரியாயிற்று. வாத்தியார் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். டாக்டர் பின்பக்கத்து அறை வாசலில் வந்து நின்றார். கண் நனைந்திருந்தது.

“திங்கள்லேருந்து நீ வர வேணாம்மா. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு உனக்குத் தெரியாது.”

“சரி டாக்டர்.”

“போலாம் நீ.”

“இன்னும் சனிக்கிழமைதானே டாக்டர்.”

மேசையில் ஒரு செட் பாதியில் நின்றிருந்தது. முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு. திங்கள்கிழமை மெழுகில் வைத்து வாயில் போட்டுப் பார்க்கும் நாள். எட்டுப் பல் அடுக்கியாயிற்று. கனம் முக்காலியில் உட்கார்ந்து ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். கத்தியைச் சுடரில் காட்டினார்.

டாக்டர் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார். “எனக்குப் பூட்டணும். அதை வேற ஆளை வச்சு முடிச்சுக்கறேன்.”

“முடிக்கலாம். ஆனா அந்தம்மாவோட கோணல் என் கண்ணுல இருக்கு. இன்னொரு ஆள் வந்து பார்த்து, அவர் கண்ணுக்கு அது ஏற, ஒரு வாரம் ஆகும். அந்தம்மா அதுவரைக்கும் கஞ்சி குடிக்கணும். ஒன்றரை மணி நேரம் டாக்டர்.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் யாரும் இல்லை. கோபப்பட்டாலும் கண்ணீர் விட்டாலும் பார்க்க ஆளில்லை. அப்படியொரு நிலையில் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை போலும். பிளாஸ்டர் மூட்டையின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

கனம் ஒன்பதாவது பல்லை எடுத்து மெழுகில் வைத்தார். லேசாக உள்பக்கம் திருப்பினார். தள்ளிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஜன்னல் பக்கம் வெயில் இறங்கிவிட்டதால் நிழல் கைமேல் விழுந்தது.

“டாக்டர், அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க.”

டாக்டர் எழுந்து திருப்பினார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் கனம், தலையை நிமிர்த்தாமல்.